அம்மாவுக்கும் ஒரு நெக்ஸஸ் அட்டை

கனடா-அமெரிக்க எல்லையை அடிக்கடி கடப்பவர்களை முன்கூட்டியே ஆராய்ந்து, தனித் தடத்தில் விரைவாக விடுவதற்காகக் கொடுக்கப்படும் நெக்ஸஸ் அட்டையை எடுக்கலாமா என்று ரொறன்ரோவில் யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, உங்கள் காரில் வழக்கமாக யார் யார் வருவார்கள் என்பதைத்தான். வேலை நிமித்தம் தனியாக பஃபலோவுக்கோ டிட்ரொயிட்டுக்கோ போய்வருபவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், எடுத்துவிடுங்கள். ஆனால் நம்மில் பெரும்பாலோர் அப்படி எல்லை கடப்பதில்லை. நியூ ஜேர்சியில் ஒரு கல்யாணம், பென்சில்வேனியாவில் கோயில், பொஸ்டனில் படிக்கும் மகளைக் கொண்டுபோய் விடுவது என்று குடும்பமாகத்தான் புறப்படுகிறோம். முன்னால் கணவனும் மனைவியும், பின்னால் பிள்ளைகள், அவர்களுக்கு நடுவே அம்மாவோ மாமியாரோ. நெக்ஸஸ் தடத்தில் நுழைய வேண்டுமானால் இத்தனை பேரிடமும் தனித்தனி அட்டை இருக்கவேண்டும். பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைக்கும் வேண்டும். ஒருவரிடம் இல்லையென்றால் அந்தக் கார் முழுவதும் பொது வரிசையில்தான் நிற்கவேண்டும்.

இந்த ஒரு விதியைக் கவனிக்காததால் பல வீடுகளில் அட்டை வெறுமனே இழுப்பறையில் கிடக்கிறது. வேலைக்குப் போகும் இருவரும் எடுத்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குப் பிறகு பார்க்கலாம் என்பார்கள். அம்மாவுக்கு எதற்கு, அவருக்கு இதெல்லாம் சிரமம் என்பார்கள். பிறகு நீண்ட வார இறுதியில் பஃபலோவுக்குப் போகும் பீஸ் பிரிட்ஜ் பாலத்தில் கார்கள் நகராமல் நிற்கும்போது, பக்கத்துத் தடத்தில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் அனுபவத்தில், ஒரு குடும்பம் நெக்ஸஸ் எடுக்க நினைத்தால் முதலில் உட்கார்ந்து பேசவேண்டிய ஆள் வீட்டில் உள்ள மூத்தவர்தான். மற்றவர்களின் விண்ணப்பம் ஒரு மாலைப்பொழுது வேலை. மூத்தவர்களுடையது அப்படி முடிவதில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான எல்லை 8,891 கிலோமீட்டர் நீளம். உலகில் இரண்டு நாடுகளுக்கு இடையே இதைவிட நீண்ட எல்லை கிடையாது. அதைக் கடப்பவர்களில் பெரும்பகுதியினர் மீண்டும் மீண்டும் கடப்பவர்கள்: வின்ட்சரில் குடியிருந்து டிட்ரொயிட் மருத்துவமனைகளில் வேலை செய்யும் தாதியர், இரண்டு பக்கமும் உறவு உள்ளவர்கள், கடைக்குப் போகிறவர்கள். இவர்களை ஒவ்வொரு முறையும் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் விசாரிப்பதில் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணத்தில், 2000 நவம்பரில் ஒன்ராறியோவின் சார்னியாவையும் மிச்சிகனின் போர்ட் ஹூரனையும் இணைக்கும் புளூ வாட்டர் பாலத்தில் நெக்ஸஸ் ஒரு முன்னோட்டமாகத் தொடங்கியது. 2001 செப்டெம்பர் 11க்குப் பிறகு அது நிறுத்தப்பட்டது. அந்த வாரங்களில் எல்லையில் லாரிகள் மணிக்கணக்கில் தேங்கி நிற்க, உதிரிப்பாகங்கள் வராமல் கார்த் தொழிற்சாலைகளின் வேலை தடைப்பட்டது. எல்லையை இறுக்கவும் வேண்டும், மூடிவிடவும் முடியாது என்ற நிலையில், அந்த ஆண்டு டிசம்பரில் இரு அரசுகளும் ஸ்மார்ட் எல்லைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. 2002இல் நெக்ஸஸ் திரும்பி வந்தது, இம்முறை பல பாலங்களுக்கு. முன்கூட்டியே ஆராயப்பட்டவர்களை விரைவாக அனுப்பினால், அதிகாரிகளின் நேரம் மற்றவர்களைக் கவனிக்கக் கிடைக்கும் என்பதுதான் கணக்கு. மெக்சிக்கோ எல்லையில் சென்ட்ரி, லாரி சாரதிகளுக்கு ஃபாஸ்ட், விமானத்தில் அமெரிக்காவுக்கு வருவோருக்கு குளோபல் என்ட்ரி என்று இதே கணக்கில் வேறு திட்டங்களும் உண்டு.

நயாகராவில் இதற்கென்றே ஒரு பாலம் முழுவதும் ஒதுக்கப்பட்டது பலருக்குத் தெரியாது. வேர்ல்பூல் ரப்பிட்ஸ் பாலம், 1897இல் கட்டப்பட்ட இரும்புப் பாலம், மேல்தட்டில் ரயில், கீழ்த்தட்டில் கார். அந்தக் கீழ்த்தட்டை நெக்ஸஸ் அட்டைக்காரர்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள்.

கட்டணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீண்ட காலம் 50 அமெரிக்க டொலராக இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் 120 டொலர். அட்டை ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் பணம் திரும்பி வராது. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, பெற்றோரில் ஒருவர் ஏற்கெனவே உறுப்பினராக இருந்தாலோ கூடவே விண்ணப்பித்தாலோ கட்டணம் இல்லை. ஆகவே பிள்ளைகளுக்குப் பிறகு பார்க்கலாம் என்பதற்குக் காரணமே இல்லை. கனடியர்கள் குளோபல் என்ட்ரிக்குத் தனியாகப் பணம் கட்டவும் தேவையில்லை, நெக்ஸஸ் உறுப்பினர்களுக்கு அந்தச் சலுகையும் சேர்ந்தே கிடைக்கும். ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்குத் தனி வரிசை உண்டு. அமெரிக்காவுக்குள் பறக்கும்போது, பாதுகாப்புச் சோதனையை விரைவாக முடிக்கும் டிஎஸ்ஏ பிரீசெக் வரிசையும் உண்டு. ஆண்டுக்கு ஓரிரு முறையாவது போகிறவர்களுக்கு இது செலவே அல்ல என்பது என் கருத்து. ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை நயாகரா பார்க்கப் போகிறவர்களுக்கு வேண்டாம்.

விண்ணப்பம் இணையத்தில்தான். கடந்த ஐந்து ஆண்டுகளில் குடியிருந்த வீடுகள், பார்த்த வேலைகள், போன நாடுகள் எல்லாவற்றையும் கேட்கும். இதில் நம்மவர்கள் தடுமாறுவது பெயரில்தான். யாழ்ப்பாணத்துப் பிறப்புச் சான்றிதழில் அம்மாவுக்கு ஒரே ஒரு பெயர், தகப்பன் பெயர் தனிக் கட்டத்தில். கனடாவில் வந்து இறங்கியபோது எழுதப்பட்ட தாளில் தகப்பன் பெயர் முதற்பெயராகவும் அவருடைய பெயர் குடும்பப் பெயராகவும் மாறிவிட்டன. குடியுரிமைச் சான்றிதழில் அது திருத்தப்பட்டது. இடையில் கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவின் பெயர் ஓர் இடத்தில் ஏறியது. ஒரே பெண்ணுக்கு நான்கு ஆவணங்களில் நான்கு வடிவங்கள், அதில் இரண்டு எழுத்துக்கூட்டல்கள். இதில் ஒளிக்க எதுவும் இல்லை, நம் பெயரிடும் முறை அந்தப் படிவங்களின் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை, அவ்வளவுதான். செய்யவேண்டியது எளிது: கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே முதன்மைப் பெயரை எழுதுங்கள்; மற்ற எல்லா வடிவங்களையும், ஒரு எழுத்து வித்தியாசமானாலும், இதற்குமுன் பயன்படுத்திய பெயர்கள் என்ற இடத்தில் எழுதுங்கள். அதிகாரி தானாகக் கண்டுபிடிப்பதைவிட நாம் எழுதிக் கொடுப்பது நல்லது. பழைய ஆவணங்களைத் தூக்கிப்போடாமல் ஒரு கோப்பில் வைத்து நேர்முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

குற்றப்பதிவு உள்ளவர்கள் கவனமாக இருக்கவேண்டும். மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டிய பழைய வழக்கு, கனடாவில் சட்டப்படி பதிவு நீக்கப்பட்ட குற்றம், எப்போதோ சுங்கத்தில் கட்டிய அபராதம் எதையும் மறைக்கக்கூடாது. கனடா வழங்கும் மன்னிப்பை அமெரிக்கா ஏற்பதில்லை. இரண்டு நாடுகளும் தனித்தனியாக ஆராய்கின்றன, ஒன்று வேண்டாம் என்றாலும் அட்டை கிடையாது. கிடைத்த பிறகும் அப்படித்தான், ஒரு நாடு ரத்து செய்தால் முழுவதும் போய்விடும்.

இப்போது அம்மா. நேர்முகத்தில் கைரேகையும் எடுப்பார்கள் என்று அவரிடம் சொன்னேன்.

"நான் ஏன் பிள்ளை கைரேகை கொடுக்கவேண்டும்? கேட்காத ஆட்களிடம் நாமாகப் போய்ப் பெயர் பதிவதா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை எங்கள் ஊர் மூத்தவர்கள் பலரிடம் வேறு வேறு சொற்களில் கேட்டிருக்கிறேன். இதை அறியாமை என்று தள்ளிவிடுபவர்கள்மீது எனக்குக் கோபம் வரும். பெயர் பதிவது என்றால் அவர்களுக்கு என்னவென்று அவர்களுக்குத்தான் தெரியும். கொழும்பில் லொட்ஜில் தங்கினால் பொலிஸில் பதிவு. உறவினர் வீட்டில் தங்கினாலும் பதிவு. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரத்தை விட்டு அனுப்பப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது நின்றது. 2002 சமாதான காலத்தில் ஏ-9 வீதி திறந்தபோது, யாழ்ப்பாணம் போவதற்கு ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி, பைகளைத் திறந்து காட்டி, வெயிலில் வரிசையில் நின்று, அடையாள அட்டையை நீட்டித்தான் அம்மா கடந்தார். அந்த வரிசைகளில் எல்லோரும் சந்தேகத்துக்குரியவர்கள். சந்தேகம் இல்லாதவர் என்று யாருக்கும் ஒரு தாள் கொடுக்கப்பட்டதில்லை.

நான் அவரிடம் சொன்னது இதுதான். கடவுச்சீட்டு எடுத்தபோதும் அமெரிக்காவுக்குள் போனபோதும் அவருடைய விவரங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அங்கே போய்விட்டன. புதிதாகப் போவது கைரேகைதான். அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு, யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை, அவர் மறுத்தால் நாங்கள் எல்லோரும் பொது வரிசையில் போவோம். அவர் சில வாரங்கள் பதில் சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் தன் கடவுச்சீட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

கைரேகை கொடுப்பதில் உண்மையான கேள்விகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. உறுப்பினராக இருக்கும் காலம் முழுவதும் பெயர் தரவுத்தளங்களில் தொடர்ந்து சரிபார்க்கப்படும். அதை விரும்பாதவர்கள் எடுக்காமல் இருப்பது நியாயமான முடிவு. என் நோக்கில், அடிக்கடி எல்லை கடக்கும் ஒருவருக்கு இதனால் கிடைப்பது அதிகம், இழப்பது குறைவு. உங்களுக்கு அந்தக் கணக்கு வேறாக வரலாம்.

நேர்முகம் கனடிய அதிகாரி ஒருவரிடமும் அமெரிக்க அதிகாரி ஒருவரிடமும் நடக்கும். கேள்விகள் சாதாரணமானவை. எதற்காக அட்டை வேண்டும், எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா, எங்காவது நுழைவு மறுக்கப்பட்டதா, எல்லையில் எதைக் கொண்டுவரக்கூடாது என்று தெரியுமா. அம்மாவின் நேர்முகத்தில் என்னையும் அருகில் உட்கார விட்டார்கள். கைரேகை எடுக்கும் கண்ணாடியில் அம்மாவின் விரல்கள் முதலில் பதியவில்லை. வாழ்நாள் முழுவதும் தேங்காய் துருவி, பாத்திரம் கழுவி, இங்கே வந்த பிறகு ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கி ரேகைகள் தேய்ந்துபோயிருந்தன. அந்த அமெரிக்க அதிகாரி ஈரத் துணி ஒன்றைக் கொடுத்து, விரல்களைத் துடைத்து, ஒவ்வொன்றாக மெதுவாக அழுத்தச் சொன்னார். அவசரப்படுத்தவில்லை. முதியவர்களுக்கு இது அடிக்கடி நேரும், பதற்றப்பட வேண்டாம். முந்தின நாள் இரவு கைக்குக் கிரீம் பூசிவிட்டால் ஓரளவு உதவும்.

நேர்முகத் தேதி கிடைப்பதுதான் ஒரு காலத்தில் பெரிய பாடாக இருந்தது. பெருந்தொற்றில் 2020 மார்ச்சில் பதிவு மையங்கள் மூடப்பட்டன. அமெரிக்கப் பக்கத்து மையங்கள் பிறகு திறந்தபோதும் கனடாவில் இருந்தவை திறக்கவில்லை. கனடிய மண்ணில் உள்ள நெக்ஸஸ் மையங்களில் வேலை செய்யும் தங்கள் அதிகாரிகளுக்கு, கனடிய விமான நிலையங்களில், அமெரிக்காவுக்குப் பறப்பவர்களைப் புறப்படும்முன்பே ஆராயும் முன்அனுமதிச் சோதனை அதிகாரிகளுக்கு உள்ளதைப் போன்ற சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது. கனடா ஒப்பவில்லை. இருவருக்கும் நடுவில் 2022இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்தன. கடைசியில் கண்ட வழி நேர்முகத்தை இரண்டாகப் பிரிப்பது. கனடிய அதிகாரியைக் கனடாவில் பார்க்கலாம்; அமெரிக்க அதிகாரியை எல்லையின் அமெரிக்கப் பக்கத்தில், அல்லது அமெரிக்காவுக்குப் பறக்கும் நாளில் விமான நிலையத்தின் முன்அனுமதிப் பகுதியில் பார்க்கலாம். இப்போது நிலைமை எவ்வளவோ மேல். நேர்முகம் ஒரே இடத்திலா, இரண்டு இடத்திலா என்பது நீங்கள் தேர்ந்தெடுக்கும் மையத்தைப் பொறுத்தது. முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் அதைப் பார்த்துத் தேதி எடுங்கள். எங்களைப் போல ரொறன்ரோப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஃபோர்ட் ஈரி ஒரு நல்ல வழி, போகிற பாதையும் பழகிவிடும்.

பாலத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பலர் கேட்பார்கள். ஃபோர்ட் ஈரியிலிருந்து பீஸ் பிரிட்ஜில் ஏறுகிறோம். 1927இல் திறந்த பாலம், மூன்றே தடங்கள். பாலமே அடைத்துக்கொண்டிருந்தால் அட்டை இருந்தாலும் அதுவரை எல்லோரோடும்தான் ஊரவேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். தடம் பிரியும் இடத்துக்கு முன்பே அட்டைகளை உறையிலிருந்து எடுத்துவிடவேண்டும், அந்த உறை அட்டையின் ரேடியோ சில்லை மறைப்பதற்காகவே கொடுக்கப்படுவது. கருவியைக் கடக்கும்போது அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், விசிறிபோல விரித்து, கண்ணாடிப் பக்கம் உயர்த்திப் பிடிக்கவேண்டும். சாவடியை நெருங்குவதற்குள் அதிகாரியின் திரையில் எங்கள் எல்லோருடைய முகமும் வந்திருக்கும். அவர் காருக்குள் குனிந்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். எங்கே போகிறீர்கள், ஏதாவது கொண்டுபோகிறீர்களா என்று ஒன்றிரண்டு கேள்வி. சில நாள்களில் அதுவும் இல்லை. முதல்முறை அந்தத் தடத்தில் போனபோது, அம்மா தன் அட்டையைப் பின்சீட்டிலிருந்து தானே உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார், முன்னால் கொடுக்கச் சொன்னாலும் கொடுக்கவில்லை. அதிகாரி அவருடைய பெயரை, இடறி இடறி, ஆனால் முழுவதும் வாசித்தார். அம்மா "யெஸ்" என்றார். கார் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, "அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

எப்போதும் இப்படி என்று நினைக்கவேண்டாம். அட்டைக்காரர்களையும் எழுந்தமானமாக நிறுத்தி இரண்டாம் கட்டச் சோதனைக்கு அனுப்புவார்கள். சில இடங்களில் நெக்ஸஸ் தடம் குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே திறந்திருக்கும். விற்பனைக்கான பொருள்களை ஏற்றிக்கொண்டு அந்தத் தடத்தில் போகக்கூடாது. இதெல்லாம் சிறிய விஷயங்கள்.

பெரிய விஷயம் சாப்பாட்டுச் சாமான். நம்மவர்களின் அட்டைக்கு ஆபத்து வருவதென்றால் கடத்தலாலோ பொய்யாலோ வரப்போவதில்லை, பின்சீட்டுப் பையில் இருக்கும் ஒரு கட்டுக் கறிவேப்பிலையால் வரும். தங்கை வீட்டுக்குப் போகும்போது கை நிறையக் கொண்டுபோவதுதானே நம் வழக்கம். ஆனால் பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. கறிவேப்பிலையும் தேசிக்காயும் தோடம்பழமும் ஒரே தாவரக் குடும்பம். அவற்றின் இளந்தளிரில் சாறு உறிஞ்சி வாழும், எள்ளைப் போன்ற ஒரு பூச்சி, எலுமிச்சை இன மரங்களைக் கொல்லும் ஒரு நோயைப் பரப்புகிறது. அந்த நோய் வந்த மரத்தில் காய் ஒருபக்கமாகச் சூம்பி, பழுக்காமல் பச்சையாகவே கைத்துப்போகும். மருந்து கிடையாது. 2005இல் புளோரிடாவில் அது கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அங்கிருந்த தோடந்தோட்டங்கள் பெருமளவு அழிந்தன. ஆகவே அதிகாரி கறிவேப்பிலையைப் பிடுங்கினால் அது அவருடைய முரட்டுத்தனம் அல்ல. ஸ்காபரோக் கடையில் வாங்கினேன், ரசீது இருக்கிறது என்பதும் உதவாது. மாம்பழமும் அப்படியே, கனடாவில் விளையாத பழம் கனடாவில் வாங்கப்பட்டதால் கனடாப் பழம் ஆகிவிடாது.

தேசிக்காயில் எங்கள் வீட்டில் ஒரு சிறு ஒப்பந்தமே செய்யவேண்டி வந்தது. நெடும்பயணம் புறப்படும் காலையில் அம்மா கற்பூரம் காட்டி, நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் தேசிக்காய் வைத்து ஏற்றி நசுக்கச் சொல்வார். ஐந்தாவதாக ஒன்றை முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பார், அது போய்ச் சேரும்வரை அங்கேயே இருக்கவேண்டும். அந்த ஐந்தாவது தேசிக்காயோடு நெக்ஸஸ் தடத்தில் போக முடியாது என்று பூச்சியின் கதையை அவருக்கு விளக்கினேன். ஊரில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்ற தேசிமரம் இலை சுருண்டு பட்டுப்போனதை அவர் நினைவுபடுத்திப் பேசினார். அதுவும் இதே நோய்தானா என்பது தெரியாது, ஆனால் ஒரு மரம் அப்படிப் போவது எப்படியிருக்கும் என்று அவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. இப்போது சக்கரத்துக்கு நான்கு மட்டும். ஐந்தாவதன் இடத்தில் நல்லூர்த் திருநீற்றுச் சரை ஒன்று இருக்கிறது.

ஒருவேளை ஏதாவது காரில் தங்கிவிட்டது என்று வரிசையில் நிற்கும்போது தெரிந்தால் பொது வரிசைக்குப் போய், அதிகாரியிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். சொன்ன பொருளை எடுத்துக்கொள்வார்கள், அதோடு முடியும். சொல்லாமல் பிடிபட்டால்தான் அபராதம், அட்டை ரத்து எல்லாம். 2018இல் பாரிஸிலிருந்து வந்த ஒரு பெண், விமானத்தில் கொடுத்த ஆப்பிளைச் சாப்பிடாமல் பையில் வைத்திருந்ததற்காக அமெரிக்கச் சுங்கத்தில் 500 டொலர் அபராதம் விதிக்கப்பட்டார். அவரும் குளோபல் என்ட்ரி உறுப்பினர். இன்னொன்று, கனடாவில் 2018 அக்டோபர் முதல் கஞ்சா சட்டபூர்வம் என்பதால் இளையவர்கள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். எல்லையின் எந்தத் திசையிலும் அதைக் கொண்டுபோவது குற்றம். உங்கள் மகனின் நண்பனை ஏற்றிக்கொண்டு போவதாக இருந்தால் வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள்.

கல்யாணத்துக்குப் போகிறவர்கள் நகையைப் பற்றியும் யோசிக்கவேண்டும். திரும்பி வரும்போது கழுத்தில் கிடக்கும் அட்டியல் அமெரிக்காவில் வாங்கியது அல்ல என்று எப்படிக் காட்டுவீர்கள்? 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்து திரும்பும் கனடியர் ஒருவர் 800 கனடிய டொலர் பெறுமதிவரைதான் வரியில்லாமல் கொண்டுவரலாம், 24 மணி நேரத்துக்கு மேல் 48க்குள் என்றால் 200. நகைக்கு, கனடாவில் ஒரு நகைமதிப்பாளரிடம் படத்தோடு மதிப்பீட்டுச் சான்றிதழ் எடுத்து வைத்திருப்பது நல்லது. தொடர் இலக்கம் உள்ள கமரா போன்ற பொருள்களுக்குப் புறப்படும்முன் கனடா எல்லைச் சேவைகள் முகவரகத்தில் இலவசமாக ஒரு பதிவுச் சீட்டு எழுதித் தருவார்கள். எங்கள் வீட்டில் மதிப்பீட்டுச் சான்றிதழின் நகல் காரின் கையுறைப் பெட்டியில் காப்புறுதித் தாளோடு எப்போதும் இருக்கும்.

இந்தியாவுக்குப் போய்வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியா 2024 ஜூனில் டெல்லியில் இதுபோன்ற விரைவுக் குடிவரவுத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட வேறு விமான நிலையங்களுக்கும், அதே ஆண்டு செப்டெம்பரில் திருச்சிக்கும் விரிவுபடுத்தியது. இந்தியக் குடிமக்களுக்கும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை உள்ளவர்களுக்கும் மட்டும். கட்டணம் இல்லை, ஒருமுறை கைரேகையும் முகப்படமும் கொடுத்துவிட்டால் தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம். திருச்சியில் இறங்கி ஊருக்குப் போகும் தமிழ்நாட்டு நண்பர்கள் அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையிலிருந்து வந்த எங்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது.

2025இலிருந்து கனடியர்கள் அமெரிக்காவுக்குப் போவது குறைந்திருக்கிறது. என் நண்பர்களில் சிலர் அட்டையைப் புதுப்பிக்கவே போவதில்லை என்கிறார்கள், அவர்களுடைய காரணங்களை நான் மதிக்கிறேன். என் தங்கை அங்கே இருக்கிறாள், ஆகவே நாங்கள் போவோம். காலாவதியாவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். காலம் முடியும்வரை காத்திருக்கவேண்டாம், முதியவர்களுக்கு மறுபடி நேர்முகம் வைத்தால் தேதி எடுக்க அவகாசம் வேண்டும்.

கடைசியாக, எடுக்க முடியாதவர்கள். எங்கள் பெரிய மாமா இன்னும் நிரந்தர வதிவிட உரிமையோடுதான் இருக்கிறார், கையில் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களும் நெக்ஸஸுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அட்டை கிடைத்தாலும் அமெரிக்க விசா தேவைப்படும் நாட்டவருக்கு அந்தத் தேவை நீங்காது. விசாவும் கடவுச்சீட்டும் கனடிய வதிவிட அட்டையும் கூடவே இருக்கவேண்டும். மாமாவுக்கு விசா கிடைத்திருக்கிறது, நெக்ஸஸ் விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. பழைய பெயர்க் குழப்பம் ஒன்றை அவர்கள் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர் எங்களோடு வரும்போது நாங்கள் எல்லோரும் பொது வரிசையில் நிற்கிறோம். கனடியக் குடிமக்களான எங்களுக்கு அங்கேயும் அந்த அட்டையே அடையாள ஆவணமாகச் செல்லும். மாமா தனியாக பஸ்ஸில் வருகிறேன், நீங்கள் விரைவாகப் போங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அம்மா அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஃப்ளாஸ்கில் தேநீரும், அறிவிக்கத் தேவையானவை எல்லாம் எழுதிய ஒரு தாளும் எடுத்துக்கொள்கிறோம். கனடா அரசின் தளத்திலும் அமெரிக்கச் சுங்கத் துறையின் தளத்திலும் பாலவாரியாகக் காத்திருப்பு நேரம் போடுகிறார்கள். அதைப் பார்த்து, பீஸ் பிரிட்ஜ் அடைத்திருந்தால் லூயிஸ்டன்-குயின்ஸ்டன் பாலத்துக்குத் திரும்பிவிடுகிறோம்.